ஓர் அறை போதும்: நம்ம ஊருக்கு நாமே காட்சியகம் அமைப்பது எப்படி?

எளாவூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தேசிய நெடுஞ்சாலை 16-ல் இருக்கும் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடிதான். லாரிகள் வரிசையில் நிற்கும் இடம், ஆந்திர எல்லைக்கு முந்தைய ஊர், அவ்வளவுதான். ஆனால் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் கதை வேறு. சுண்ணாம்புக்குளம், ஓபசமுத்திரம், நொச்சிக்குப்பம் என்று ஊர்ப் பெயர்கள் மாறிக்கொண்டே போகும். காற்றில் உப்பு வாசம் ஏறும். பழவேற்காடு ஏரி வந்துவிடும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது.

இந்த ஏரிக்கரை வீடுகளில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. நைலான் வலை வந்ததும் பருத்தி நூல் வலை மூலைக்குப் போனது. ஃபைபர் படகு வந்ததும் மரப் படகு விறகானது. வலை முடியும் ஊசி, சுட்ட மண் குண்டு, ஓலைப் பறி எல்லாம் பரணில் கிடக்கின்றன. வீடு இடித்துக் கட்டும்போது அவை குப்பைக்குப் போகும். பொருள் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். ஆனால் அதன் பெயரும், அதைப் பயன்படுத்தும் விதமும் தெரிந்த பெரியவர் போய்விட்டால்? அதைத் திரும்பச் செய்ய முடியாது.

"மியூசியம் எல்லாம் கவர்மெண்ட் வேலை, நம்மால முடியுமா?" என்று கேட்கிறீர்களா? முடியும். ஓர் அறை, ஒரு பதிவேடு, உங்கள் கையில் இருக்கும் போன், கொஞ்சம் பொறுமை. இவை போதும் தொடங்க. எளாவூரையும் அதைச் சுற்றிய ஏரிக்கரை ஊர்களையும் எடுத்துக்காட்டாக வைத்து, ஊர்க் காட்சியகம் அமைக்கும் வழியை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம். உங்கள் ஊர் தறி ஊராக இருந்தாலும், உப்பள ஊராக இருந்தாலும் இதே படிகள்தான்.

ஒரு கிராமம் செய்து காட்டியது

முதலில் ஒரு நம்பிக்கைக் கதை. மெக்சிகோ நாட்டின் வஹாகா மாநிலத்தில் சான்டா அனா டெல் வாயே என்றொரு நெசவாளர் கிராமம் இருக்கிறது. 1985-ல் ஊர்ச் சதுக்கத்தில் வேலை நடந்தபோது மண்ணுக்கடியில் பழங்காலக் கல்லறை ஒன்று தென்பட்டது. இப்படிக் கிடைக்கும் பொருள்கள் வழக்கமாக நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். "எங்க ஊர்ல கிடைச்சது எங்க ஊர்லயே இருக்கட்டும்" என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தது. அரசின் தொல்லியல் நிறுவனத்தோடு பேசி, 1986-ல் 'ஷான்-டானி' என்ற பெயரில் காட்சியகம் திறந்தார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'மலையடிவாரம்' என்று பொருள். அங்கே பழம்பொருள் மட்டும் இல்லை. ஊரின் கம்பளி நெசவும் காட்சியாக இருக்கிறது. அதைப் பார்த்து வஹாகாவின் மற்ற கிராமங்களும் தங்கள் காட்சியகங்களைத் தொடங்கின.

இதில் நமக்கான பாடம் என்ன? முடிவெடுத்தது ஊர்க்கூட்டம். நம்மிடம் அதற்கு இணையாக இருப்பது கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காட்சியகம் வேண்டும் என்ற பேச்சை அங்கே எழுப்பி, தீர்மானமாக எழுதி வாங்குங்கள். பயன்படாமல் இருக்கும் ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை கேட்பதற்கும், பின்னால் நிதி கேட்பதற்கும் அந்தத் தீர்மானத்தின் நகல்தான் முதல் ஆவணம்.

படி 1: எதைக் காட்டுவது?

பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். 'பழசு' எல்லாவற்றையும் சேர்த்தால் அது காட்சியகம் ஆகாது, கிடங்கு ஆகிவிடும். முதலில் கேள்விகளை முடிவு செய்யுங்கள்; பொருள்கள் பின்னாலேயே வரும். ஏரிக்கரை ஊருக்கு நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று, நாங்கள் எப்படிப் பிழைத்தோம்? வலைகள், பறி, வீச்சு வலை, படகுச் சாமான்கள் இதில் வரும். ஆனால் மிக முக்கியமானது கண்ணால் பார்க்க முடியாத ஒன்று: பாடு முறை. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொண்டால் சண்டைதான். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, அடுத்த முறை அவர்களுக்கு என்று முறை வைத்துப் பங்கிட்டார்கள் இங்குள்ள மீனவர்கள். எழுதின சட்டம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஒரு பொது ஏரியைப் பகிர்ந்துகொண்ட இந்த ஏற்பாட்டை வெளிநாட்டு ஆய்வாளர்களும் தேடி வந்து படிக்கிறார்கள். இதை எப்படிக் காட்டுவது? ஏரியின் வரைபடம் ஒன்றைச் சுவரில் வரையுங்கள். மீன்பிடி இடங்களின் பெயர்களைப் பெரியவர்கள் சொல்லச் சொல்லக் குறியுங்கள். பக்கத்தில் ஒரு சீட்டுப் பானை வையுங்கள். வரும் பிள்ளைகள் சீட்டெடுத்து விளையாடட்டும். ஐந்து நிமிடத்தில் பாடு புரிந்துவிடும்.

இரண்டு, ஏரி எப்படி இருக்கிறது? தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன; முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வருகிறது. இரண்டும் கலப்பதால்தான் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் வளர்கின்றன. முகத்துவாரம் மண் அடைத்துக்கொண்டால் ஏரியின் உப்பு மாறும், மீன் வரத்தும் மாறும். பூநாரை வரும் மாதம், இறால் நன்றாக விழும் மாதம், முகத்துவாரம் அடைபட்ட ஆண்டு என்று மீனவர் நினைவில் இருப்பதை ஒரு மாத அட்டவணையாக எழுதுங்கள். அது காட்சிப்பொருள் மட்டுமில்லை, அறிவியல் தரவும்கூட.

மூன்று, உலகம் எங்களிடம் எப்படி வந்தது? ஏரியின் தென்கோடியில் இருக்கும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் அதுதான். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அங்கிருந்து துணி கப்பலேறியது. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிக்காட்' என்றுதான் பெயர். பழவேற்காட்டின் பெயர் அந்தத் துணியில் ஒட்டிக்கொண்டு அங்கே வாழ்கிறது. ஒரு பழைய கைலியும் ஓர் உலக வரைபடமும் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லிவிடலாம். துணி போன கப்பலில் மனிதர்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பெருமையை மட்டும் சொல்லும் காட்சியகத்தை யாரும் இரண்டாம் முறை நம்பமாட்டார்கள்.

நான்கு, யார் எங்கிருந்து வந்தோம், எங்கே போனோம்? ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவு 1969-ல் ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வானது. அங்கே குடியிருந்தவர்கள் இடம் பெயர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. இவற்றை அனுபவித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பேச்சுதான் காட்சிப்பொருள்.

படி 2: போனை வைத்துப் பதிவு செய்வது

பெரியவர் ஒருவரிடம் பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

• போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு கெட்டுவிடும்.
• துண்டை மடித்து அதன்மேல் போனை வையுங்கள். மேசை அதிர்வு கேட்காது. மின்விசிறியை நிறுத்துங்கள். கரையோரம் என்றால் காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.
• அரை நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.
• முதல் வரியில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், எதற்காகப் பதிவு செய்கிறோம் என்பதைச் சொல்லுங்கள். "இதை நம்ம ஊர்க் காட்சியகத்துல எல்லாரும் கேக்கற மாதிரி வைக்கலாமா?" என்று கேட்டு, அவர் சொல்லும் சம்மதமும் பதிவில் இருக்கட்டும்.
• பொதுவாகக் கேட்காதீர்கள். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு தாத்தா?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். "தாத்தா, இந்த வலை பேரு என்ன? இதுக்கு நூல் எங்க வாங்குவீங்க? எத்தனை பேர் சேர்ந்து இழுப்பீங்க? கிடைச்சதை எப்படிப் பங்கு போடுவீங்க?" என்று கேளுங்கள். பொருளைக் கையில் கொடுத்துக் கேட்டால் பேச்சு தானாக வரும்.
• குறுக்கே பேசாதீர்கள். அவர் நிறுத்தினாலும் கொஞ்சம் காத்திருங்கள். நல்ல செய்தி பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.
• அவர் பேச்சைத் 'திருத்தி' எழுதாதீர்கள். ஏரிக்கரைத் தமிழில் தெலுங்குச் சொல் கலந்து வரும். அதுவும் ஊரின் வரலாறுதான்.

பொருளைப் படம் எடுக்கும்போது வெயிலில் வைக்காமல் நிழலில் வையுங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். முன், பின், பக்கவாட்டு என்று மூன்று படம். ஃபில்டர் வேண்டாம். பழைய பத்திரம், கடிதம் என்றால் ஸ்கேன் செயலியில் எடுத்துவிட்டு அசலை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பழைய காகிதத்தை லேமினேட் செய்யவே கூடாது. பிறகு பிரிக்க முடியாது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பதும், மரத்துக்கு வார்னிஷ் அடிப்பதும் வேண்டாம். பளபளப்பு வரும், பழமையின் தடயம் போய்விடும்.

கோப்புகளை ஒரே போனில் வைத்திருக்காதீர்கள். ஒரு பிரதி ஹார்ட் டிஸ்கில், ஒரு பிரதி கிளவுடில், ஒரு பிரதி வேறொருவர் வீட்டில். ஏரித் தண்ணீரில் விழும் போன் ஒரு தலைமுறை நினைவைக் கொண்டுபோகக் கூடாது.

படி 3: பதிவேடு

காட்சியகத்தின் உயிர் கண்ணாடிப் பெட்டியில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. பக்க எண் போட்ட ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதற்கு நேரே: பொருளின் பெயர் (ஊரில் சொல்வது போலவே), எதனால் ஆனது, அளவு, யார் கொடுத்தது, எந்தத் தேதி, நன்கொடையா இரவலா, அதைப் பற்றி அவர் சொன்னது, படத்தின் கோப்புப் பெயர்.

'நன்கொடையா இரவலா' என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். ஐந்து வருஷம் கழித்துக் கொடுத்தவரின் மகன் வந்து "அது எங்க அப்பா வலை, கொடுங்க" என்று கேட்கும்போது சண்டை வருவது இந்த ஒரு கட்டத்தால்தான். இரண்டு பிரதி ரசீது எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விளக்க அட்டை எழுத ஒரு மாதிரி:

"பறி. பனையோலையில் முடைந்தது. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும்போது, பிடித்த இறாலை இதில் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். விளிம்பில் தேய்ந்திருப்பதைப் பாருங்கள்."

ஐம்பது சொல்லுக்குள் முடியட்டும். கடைசி வரி பார்வையாளரைப் பொருளிடம் திருப்பி அனுப்ப வேண்டும். மேலும் கேட்க விரும்புபவர்களுக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு வையுங்கள்; ஸ்கேன் செய்தால் பேட்டியின் குரல் ஒலிக்கட்டும்.

படி 4: எதை வாங்கிக்கொள்ளக் கூடாது?

நல்ல எண்ணத்தில் செய்தாலும் சட்டத்தில் மாட்டிக்கொள்ளக்கூடிய சில இடங்கள் உண்டு.

• மண்ணுக்கடியில் கிடைத்த காசு, நகை, சிலை: 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே இது பொருந்தும். கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.
• நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட முக்கியச் சுவடிகளும் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். வாங்கும் முன் தொல்லியல் துறையைக் கேளுங்கள்.
• கடல் ஆமை ஓடு, கடல் குதிரை, பவளம்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. "வலையில தானா விழுந்தது" என்று யாராவது கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். படம் போதும்.
• பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் போன்ற மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி தேவை. அங்கிருந்து ஒரு கல்லையும் எடுத்துவரக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

படி 5: ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்வது

"ஆராய்ச்சின்னு வருவாங்க, ரெண்டு நாள் பேசுவாங்க, போட்டோ எடுப்பாங்க. அப்புறம் ஆளையே காணோம்." ஏரிக்கரையில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்கமாட்டார்கள். ஊரின் அறிவு வெளியே போகிறது, திரும்பி வருவதில்லை. காட்சியகம் இருந்தால் இதை மாற்றலாம். ஏனென்றால் ஆய்வாளர் வந்து சேரும் வாசல் அதுவாகிவிடும். வாசலில் நிபந்தனை வைக்கலாம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கூட்டு ஆய்வுக்குப் பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டார்கள். 1999 முதல் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழாய்வு செய்தார்கள். காலத்தைக் கணிக்கும் ஆய்வகம் அந்தச் சிறு மையத்திடம் இல்லை. பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்தார்கள். 2011-ல் அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்ற முடிவு வெளியானது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தோடு சேர்ந்தார்கள். 2018-ல், அடுத்த கட்டக் கருவி நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என்ற முடிவு வந்தது. தன்னிடம் இல்லாததை மற்றவரிடம் கேட்டுப் பெறுவதும், பல வருஷம் காத்திருப்பதும்தான் கூட்டு ஆய்வு. பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் காட்சியகம் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் குழு ஒருமுறை அங்கே போய் வரட்டும்.

ஏரிக்கரை ஊர்களுக்கு யார் யாரை அணுகலாம்? பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. பழைய காகிதங்களை மின்வடிவாக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகமும், பாதுகாக்கும் முறையைக் கேட்க ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உண்டு. பழவேற்காட்டின் கட்டடங்களையும் வரலாற்றையும் கட்டடக்கலைஞர் சேவியர் பெனடிக்ட் தொடங்கிய ஆர்டே அறக்கட்டளை ஆய்வு செய்து வருகிறது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவ ராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியை ஆராய்ந்தவர். ஏரியின் உயிரினங்கள் பற்றிய அவருடைய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006-ல் வெளியிட்டது. ஆங்கிலத்தில் இருக்கும் அதன் சாரத்தை, உள்ளூர் மீன் பெயர்களோடு தமிழில் சுவரொட்டியாக்கித் தர ஒரு கல்லூரி மாணவர் குழுவைக் கேட்கலாம். கூட்டு வேலைக்கு நல்ல முதல் அடி இது.

எந்த ஆய்வாளர் வந்தாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். ஐந்து வரி போதும்:

1. பேட்டி, படம், அளவீடு எல்லாவற்றிலும் ஒரு பிரதி காட்சியகத்துக்குத் தரவேண்டும்.
2. ஆய்வு முடிந்ததும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் தந்து, ஊர்க்கூட்டத்தில் ஒருமுறை பேசவேண்டும்.
3. தகவல் சொன்னவர்கள் விரும்பினால் அவர்கள் பெயர் ஆய்வில் இடம்பெற வேண்டும், விரும்பாவிட்டால் மறைக்கவேண்டும்.
4. பொருளை வெளியே எடுத்துப் போனால் ரசீதும் திருப்பித் தரும் தேதியும் வேண்டும்.
5. ஊரார் 'இது வெளியே தெரிய வேண்டாம்' என்று சொன்னதை வெளியிடக் கூடாது.

நேர்மையான ஆய்வாளர் இதில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்.

படி 6: பணம்

ஓர் அறைக் காட்சியகத்தை நடத்த முதல் வருஷம் என்ன செலவு? வெள்ளையடிப்பது, அலமாரி, விளக்கு, அட்டை அச்சிடுவது, ஹார்ட் டிஸ்க், மின்கட்டணம், வாரத்தில் இரண்டு நாள் கதவைத் திறந்து வைக்கும் ஒருவருக்குச் சிறு தொகை. கடைசிச் செலவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். திறப்பு விழாவுக்குப் பணம் கிடைத்துவிடும். மூன்றாம் வருஷத்து மின்கட்டணத்துக்குத்தான் ஆள் கிடைக்காது. அதனால் மூன்று வருஷச் செலவை முதலிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்.

முதலில் அமைப்பைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் இதற்கான வழி இருக்கிறது. பிறகு சங்கத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு. யுபிஐ க்யூஆர் கோடு சங்கக் கணக்குக்குத்தான் இருக்கவேண்டும். "இப்போதைக்கு என் நம்பருக்கு அனுப்புங்க" என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊர்க் காரியங்கள் உடைவது பெரும்பாலும் அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லில்தான்.

பணம் வரும் வழிகள்:

ஊர்ப் பங்கு. வீட்டுக்கு ஒரு சிறு தொகை. தர முடியாதவர்கள் ஒரு நாள் வேலை, ஒரு பழைய பொருள், ஒரு பேட்டி. எல்லோருடைய பங்கும் பதிவேட்டில் ஒரே மாதிரி ஏறட்டும்.

நமக்கு நாமே திட்டம். பொதுச் சொத்து உருவாக்கும் வேலைக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும் திட்டம் இது. அறையைச் சீரமைக்கும் வேலை இதில் பொருந்துமா என்று கிராம சபைத் தீர்மானத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலரைக் கேளுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்திலேயே இருக்கிறது. நிறுவனச் சட்டம் 2013-ன் 135-வது பிரிவின்கீழ் வரும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மரபு, கலை, பண்பாட்டைக் காப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: இந்த நிதியை வாங்கிச் செலவிடும் அமைப்புக்கு வருமான வரித்துறைப் பதிவும், சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும், இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவமும் இருக்கவேண்டும். நேற்றுப் பதிந்த சங்கத்துக்கு நேரடியாகக் கிடைக்காது. அதுவரை, தகுதியுள்ள வேறொரு அமைப்போடு சேர்ந்து செய்யலாம். அல்லது நிறுவனமே நேரடியாக அலமாரி, விளக்கு வாங்கித் தரும்படி கேட்கலாம்.

தனியார் நன்கொடை. வரிக்கழிவுக்கான 80ஜி பதிவு இருந்தால் கேட்பது சுலபம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது என்பதையும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே இது பயன் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணம். இங்கே கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் நம்ம ஊர்ப் பையன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரோ வெளிநாட்டு அமைப்போ அனுப்பினால் 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி முன்கூட்டியே பதிவோ அனுமதியோ வேண்டும். இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

யாரிடம் வாங்குவது என்பதையும் ஊரே முடிவு செய்யட்டும். போபால் விஷவாயுத் துயரத்தை நினைவுகூர அங்குள்ள மக்கள் 2014-ல் தொடங்கிய காட்சியகம், தன் கதையில் யாரும் தலையிடக் கூடாது என்பதற்காக அரசிடமும் நிறுவனங்களிடமும் பணம் வாங்காமல் பொதுமக்கள் நன்கொடையில் நடக்கிறது. எல்லா ஊரும் அப்படியே செய்யவேண்டியதில்லை. ஆனால் "பணம் தருபவர் சுவரில் என்ன எழுதுவது என்று சொல்லக் கூடாது" என்ற ஒரு விதியைத் தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். வரவு செலவைக் காலாண்டுக்கு ஒருமுறை வாசலில் ஒட்டுங்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

படி 7: யார் விடுபட்டார்கள்?

எல்லாம் முடிந்ததும் ஒரு நாள் அறையைப் பூட்டிக்கொண்டு குழுவே சுற்றிப் பாருங்கள். சுவரில் யார் இல்லை? பாடு உரிமை சில ஊர்களுக்கும் சமூகத்தாருக்கும் மட்டுமே இருந்தது. உரிமை இல்லாதவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? வலையே இல்லாமல் கையால் இறால் பிடிக்கும் இருளர்களின் திறமை எங்கே? மீனைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போன, கருவாடு போட்ட பெண்களின் கூடை எங்கே? பனையோலை முடைபவர்கள்? சிப்பி அள்ளியவர்கள்? காட்சியகம் ஒரு தெருவின் பெருமையாகச் சுருங்கினால் அடுத்த தெரு உள்ளே வராது. குழுவின் ஏழு பேரிலேயே எல்லாத் தெருவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கப்படும் கேள்விகள்

கட்டடமே கிடைக்கவில்லை, என்ன செய்வது?
பள்ளி, நூலகம், சுனாமிக்குப் பின் கட்டிய சமுதாயக் கூடம் என எங்காவது ஒரு சுவர் கிடைத்தாலும் போதும். அதுவும் இல்லையென்றால் பொங்கலன்று ஒரு நாள் கண்காட்சி நடத்துங்கள். அன்றைக்குக் கிடைக்கும் கூட்டத்தைப் பார்த்தே அறை கிடைத்துவிடும்.

பொருள் தர மறுக்கிறார்களே?
கேட்காதீர்கள். "உங்க வீட்லயே இருக்கட்டும், போட்டோவும் கதையும் மட்டும் போதும்" என்று சொல்லுங்கள். மற்றவர்களுடைய பொருள் சுவரில் ஏறியதைப் பார்த்த பிறகு அவர்களே கொண்டுவருவார்கள்.

உப்புக்காற்றில் பொருள் கெடாதா?
கெடும். அதனால் இரும்பையும் துணியையும் தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள். கரையான் வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் நகர்த்திப் பாருங்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெயர் தெரியாத ஒரு பொருளைத் தேடுங்கள். மூன்று படம் எடுங்கள்.
2. அதைப் பயன்படுத்திய ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். சம்மதம் வாங்க மறக்காதீர்கள்.
3. ஐம்பது சொல்லில் ஒரு விளக்க அட்டை எழுதி, அவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால் திருத்துங்கள்.
4. அதை உங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்று பதில் வரும். அப்படிச் சொன்னவர்தான் உங்கள் குழுவின் இரண்டாவது ஆள்.

ஏழு பேர் சேர்ந்ததும் அடுத்த கிராம சபைத் தேதியைப் பாருங்கள். அதற்குள் அந்தப் பெரியவரிடம் இன்னொரு முறை போய்ப் பேசிவிட்டு வந்துவிடுங்கள். சங்கம் பதிய, நிதி கேட்க அப்புறமும் நேரம் இருக்கிறது. அவர் பேச்சைக் கேட்பதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.